இனவாரி வேலை, சம்பளக் கணக்கு: பிரிட்டன் அரசின் இரண்டு புள்ளிவிவரத் தளங்கள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஃபர்தர் எஜுகேஷன் என்பதைத் தமிழில் ‘மேற்படிப்பு’ என்று எடுத்துக்கொண்டால் முதல் அடியே சறுக்கல். இங்கிலாந்தில் அது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு அல்ல. பிளம்பிங், குழந்தைப் பராமரிப்பு, கணக்கு எழுதுதல், அப்ரென்டிஸ் பயிற்சி, புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பு என எல்லாமே அதில் அடக்கம். நம் ஊர் ஐடிஐ, பாலிடெக்னிக், முதியோர் மாலை வகுப்பு மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்த மாதிரி. இப்படிப் படித்து முடித்தவர்களில் எந்த இனத்தவருக்கு எவ்வளவு வேலை கிடைத்தது, என்ன சம்பளம் என்று தேடுகிறவர்கள் போய் நிற்பது இரண்டு அரசுத் தளங்களில்: எத்னிசிட்டி ஃபேக்ட்ஸ் அண்ட் ஃபிகர்ஸ், கல்வித்துறையின் எக்ஸ்ப்ளோர் எஜுகேஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இரண்டும் இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், தரவை எடுத்து மறுபடி பயன்படுத்தத் தடையும் இல்லை.

முதலாவது, தெரசா மே பிரதமராக இருந்தபோது 2017 அக்டோபரில் வெளிவந்தது. சமைத்துப் பரிமாறிய சாப்பாடு என்று சொல்லலாம். இரண்டாவது மளிகைக் கடை. வேண்டியதை எடுத்து நாம்தான் சமைத்துக்கொள்ள வேண்டும்.

பரிமாறிய சாப்பாட்டின் தரம் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரே வார்ப்பு: மேலே முக்கிய எண்கள், அடுத்து ‘தெரிந்துகொள்ள வேண்டியவை’, எந்த இனப் பகுப்பு, அட்டவணையும் வரைபடமும், கடைசியில் கணக்கிட்ட முறையும், எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி தரவுக் கோப்பும். எண்ணைப் போட்டுவிட்டு அதன் குறையையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிற அரசுத் தளம் அபூர்வம். ஆனால் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாம் பகுதியைத் தாண்டிக் குதித்து நேரே வரைபடத்துக்குப் போய்விடுகிறார்கள். தவறு முளைப்பது அங்கேதான்.

சிஎஸ்வியைத் திறந்தால் இனப் பகுப்பைச் சொல்லும் நெடுவரிசையில் ‘5+1’, ‘18+1’ என்று இருக்கும். முதலாவதில் ஐந்து பெரிய பிரிவுகள், இரண்டாவதில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பதினெட்டுப் பிரிவுகள்; அந்த ‘+1’ இனம் தெரியாதவர்கள். 18+1 கிடைக்கிற இடத்தில் 5+1-ஐத் தொடவே வேண்டாம். தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் 2018 கணக்குப்படி, வெள்ளை பிரிட்டிஷ் ஊழியரைவிடச் சீனர் மணிக்கு 30.9% அதிகமாகவும், இந்தியர் 12% அதிகமாகவும், வங்கதேசத்தவர் 20.2% குறைவாகவும் வாங்கினார்கள். 5+1-இல் இந்த மூவரும் ‘ஆசியர்’. கொதிநீரையும் ஐஸ்கட்டியையும் ஒரே வாளியில் ஊற்றி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அறிவிப்பதற்குச் சமம்.

இனி அளவுகோலுக்கு வருவோம். கல்வித்துறை, கல்லூரிகள் அனுப்பும் மாணவர் பதிவேட்டை வருமான வரித் துறையின் சம்பளப் பதிவுகளோடும் நலத்துறையின் உதவித்தொகைப் பதிவுகளோடும் கோர்க்கிறது. யாரையும் போனில் கூப்பிட்டுக் கேட்பதில்லை, ஆகவே மறதியோ பெருமையோ கலக்காது. இது பெரிய பலம். இதில் ‘நிலையான வேலை’ என்றால், படிப்பு முடிந்த கல்வியாண்டுக்கு அடுத்து வரும் அக்டோபர் முதல் மார்ச் வரையான ஆறு மாதங்களில் ஐந்து மாதங்களிலாவது, மாதத்துக்கு ஒரு நாளாவது சம்பளப் பதிவில் இருக்க வேண்டும். அல்லது அந்த நிதியாண்டில் சுயதொழில் வருமானம் காட்டி வரிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த விதியை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நவம்பர் 30-ஆம் தேதி வேலையில் சேர்ந்தவருக்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று ஐந்து மாதம் தேறிவிடும். டிசம்பர் 1-இல் சேர்ந்தவருக்கு நான்குதான். அவர் அதே வேலையில் பத்து வருடம் நீடித்தாலும் அந்த ஆண்டுக் கணக்கில் ‘நிலையான வேலை’ இல்லை. ஜூலையில் படிப்பை முடித்தவருக்கு வேலை தேட நான்கு மாத அவகாசம் என்றாகிறது.

இந்த நான்கு மாதம் எல்லோருக்கும் ஒரே நான்கு மாதமா? ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்ட் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-17இல் ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று சுமார் 3,200 வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். பெரும்பான்மை வெள்ளையர் பெயருக்கு 24% சாதகமான பதில். சிறுபான்மையினர் பெயர்களுக்கு 15%. அதாவது அதே பலனுக்கு 60% அதிக விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பம் கூடினால் நாளும் கூடும். நாள் கூடினால் நவம்பர் 30 கடந்துவிடும். ஆகவே தளத்தில் தெரியும் வேலைவாய்ப்பு இடைவெளியில் ஒரு பகுதி ‘வேலை கிடைக்கவில்லை’ அல்ல, ‘தாமதமாகக் கிடைத்தது’. இரண்டையும் பிரித்துக் காட்டும் நெடுவரிசை கிடையாது. முடிந்த வரை ஓராண்டுக்குப் பிந்தைய எண்ணோடு நிற்காமல், மூன்று, ஐந்து ஆண்டு கழித்த எண் எங்காவது தரப்பட்டிருந்தால் அதை எடுங்கள்.

சம்பளக் கணக்கு இதைவிட வழுக்கல். தளம் தருவது ‘ஆண்டாக்கப்பட்ட’ சம்பளத்தின் இடைநிலை மதிப்பு, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண். ஒருவர் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 28 வரை 151 நாள் ஒரு கிடங்கில் வேலை பார்த்து 8,305 பவுண்டு வாங்கினார் என்று வையுங்கள். நாளுக்கு 55 பவுண்டு. 365-ஆல் பெருக்கினால் 20,075. அட்டவணைக்குள் போவது இந்த 20,075தான், கைக்கு வந்தது எட்டாயிரத்துச் சொச்சம். அடுத்தவர் மணிக்கு 10 பவுண்டு வீதம் வாரம் 20 மணி நேரம், ஆண்டு முழுக்க. அவர் கணக்கு 10,400. அதே கூலிக்கு 40 மணி நேரம் செய்தவருக்கு 20,800. வேலை நேரம் வரித் தரவிலிருந்து இந்தக் கணக்குக்குள் வருவதில்லை என்பதால், பகுதிநேரக்காரரும் பாதிக் கூலிக்காரரும் இதில் ஒரே ஆள். உணவகங்களில் பகுதிநேரம் பார்க்கும் வங்கதேச ஆண்கள், பள்ளி நேரத்துக்குள் முடிகிற வேலை தேடும் தாய்மார்கள் ஆகியோரின் எண்ணைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சுயதொழில் விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. வேலையில் இருக்கிறாரா என்ற கேள்விக்குச் சுயதொழில் செல்லும். சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்குச் செல்லாது. சம்பளப் பட்டியலில் பிஏஒய்இ முறையில் வரி பிடித்தம் செய்யப்படும் ஊழியர்கள் மட்டுமே. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் வேலை பார்த்த பாகிஸ்தானியரில் 24% சுயதொழில்காரர்கள். டாக்ஸி ஓட்டுவது அதில் பெரும் பங்கு. ஆக, பாகிஸ்தானியர் வரிசையில் நீங்கள் பார்க்கிற இடைநிலைச் சம்பளம், அந்தச் சமூகத்தில் வேலை பார்ப்போரில் நான்கில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட கணக்காக இருக்கலாம். கட்டுமானத்தில் ஒப்பந்தக்காரராகப் போகும் வெள்ளைக்காரக் கொத்தனாருக்கும் இதே கதிதான். ஆனால் விடுபடுவது எல்லா இனத்திலும் ஒரே அளவில் விடுபடுவதில்லை, சிக்கல் அதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம், படிப்புகளின் கலவை. அப்ரென்டிஸ் என்பவர் பயிற்சியின்போதே ஊழியர். முடித்ததும் அதே முதலாளியிடம் தொடர்வது வழக்கம். ஆங்கில வகுப்பின் தொடக்க நிலையை முடித்தவர் அப்போதுதான் வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் படிக்கவே ஆரம்பிக்கிறார். கணக்குக்காக ஒரு கற்பனை: அப்ரென்டிஸ் முடித்தவரில் 90 பேருக்கு, ஆங்கில வகுப்பு முடித்தவரில் 40 பேருக்கு, நூற்றுக்கு இத்தனை என்று வேலை, இனம் எதுவானாலும் இதே விகிதம். ஓர் இனத்தில் 80 அப்ரென்டிஸ், 20 ஆங்கில வகுப்பு என்றால் வேலை 72+8, ஆக 80%. இன்னோர் இனத்தில் அப்படியே தலைகீழ் என்றால் 18+32, ஆக 50%. எந்த வகுப்பறையிலும் இல்லாத 30 புள்ளி இடைவெளி கூட்டுத்தொகையில் வந்து நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்தவுடன் சிலர் ‘அப்படியானால் பாகுபாடே இல்லை’ என்று துள்ளுவார்கள். அவசரம் வேண்டாம். அப்ரென்டிஸ் இடம் கல்லூரி தருவதல்ல, முதலாளி தருவது. அதற்கும் விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் உண்டு. 24-க்கு 15 என்ற அந்த வடிகட்டி அந்த வாசலிலும் இருக்க இடமுண்டு. படிப்பு வகையைச் சமப்படுத்திக் கணக்குப் போட்டால் வாசலில் நடந்தது கண்ணுக்கு மறைந்துவிடும். சமப்படுத்திய எண், சமப்படுத்தாத எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நேர்மை.

வசிக்கும் ஊரும் இப்படித்தான் கலைத்துப் போடும். 2019இல் இங்கிலாந்து, வேல்ஸில் வெள்ளையருக்கும் சிறுபான்மையினருக்கும் இடையே மணிக்கூலி இடைவெளி வெறும் 2.3%; லண்டனில் மட்டும் எடுத்தால் 23.8%. சிறுபான்மையினர் கூலி அதிகமான லண்டனில் குவிந்திருப்பதால் நாட்டுச் சராசரியில் இடைவெளி கரைந்துபோகிறது. வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இருப்பவருக்கு நாட்டு எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

மளிகைக் கடைக்குப் போவது இதனால்தான். எக்ஸ்ப்ளோர் தளத்தில் ‘சொந்த அட்டவணை’ கருவியைத் திறந்து, வெளியீடாக ஃபர்தர் எஜுகேஷன் அவுட்கம்ஸ், பிறகு தரவுத் தொகுப்பு, இடம், ஆண்டு, கடைசியில் வடிகட்டிகள் என்று வரிசையாகத் தேர்ந்துகொண்டே போக வேண்டும். முதலில் படிப்பின் நிலையைப் பூட்டிவிட்டு (ஏறக்குறைய பத்தாம் வகுப்புக்கு இணையான லெவல் 2, பிளஸ் டூவுக்கு இணையான லெவல் 3, அப்ரென்டிஸ்ஷிப் என்று தனித்தனியாக), அப்புறம் இனத்தை விரியுங்கள். மாற்றிச் செய்தால் மேலே சொன்ன 30 புள்ளிப் பொறியில்தான் விழுவீர்கள். இனம், பாடம், பகுதி மூன்றும் ஒரே தொகுப்பில் சேர்ந்து வருவது எப்போதும் நடக்காது. பாதி வழியில் சுவர் வந்து முட்டும், அந்த எரிச்சலுக்குத் தயாராக இருங்கள். சின்ன எண்ணிக்கை உள்ள கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ‘சி’ என்று ஆங்கில எழுத்து நிற்கும். ஆளை அடையாளம் காணாதிருக்க மறைத்தது என்று அர்த்தம். எக்செலில் அதைப் பூஜ்யமாக மாற்றிச் சராசரி போடுவது அடிக்கடி நடக்கிற விபத்து. வெற்றுக் கட்டமாகவே விடுங்கள். செய்து முடித்த அட்டவணைக்குப் பகிர்வு இணைப்பு உருவாக்கும் வசதி இருக்கிறது. அதை அழுத்திச் சேமித்தால் தரவு பின்னால் திருத்தப்பட்டாலும் நீங்கள் பார்த்த எண் அப்படியே இருக்கும்.

தாமதத்தைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் அதிகம். கொஞ்சம் நியாயமில்லாத புகார். 2021 ஜூலையில் முடித்தவரின் ஆறு மாதம் 2022 மார்ச்சில் நிறைவடையும். சுயதொழில்காரர் அந்த நிதியாண்டுக்கு வரிப் படிவம் கொடுக்கக் கெடு 2023 ஜனவரி 31. அதற்குமுன் முழுக் கணக்கு வர வழியே இல்லை. ஆனால் எத்னிசிட்டி ஃபேக்ட்ஸ் தளத்தில் சில பக்கங்கள் இந்தக் காரணத்தையெல்லாம் தாண்டிப் பழையதாகவே கிடக்கின்றன, அதற்குச் சாக்கு இல்லை. பக்கத்தின் தேதியைப் பாருங்கள். கோவிட் காலத்து எண் என்றால் இன்னும் கவனம்: ஃபர்லோவில், அதாவது வேலை நின்றுபோய் அரசு உதவியோடு சம்பளம் வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்திருந்தவரும் சம்பளப் பதிவில் இருந்ததால் ‘வேலையில்’தான், பணம் மட்டும் பழைய சம்பளத்தில் 80% ஆகக் குறைந்திருக்கலாம். அந்த ஆண்டை முந்தைய ஆண்டோடு கோடு போட்டு இணைக்காதீர்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ் கல்லூரிகள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

தமிழர் என்று ஒரு வரிசையைத் தேடினால் கிடைக்காது. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் குறிக்கும் இனம் மாணவர் பதிவேட்டில் ஓர் எண்ணாகப் போகிறது: இந்தியர் 39, ‘வேறு ஆசியப் பின்னணி’ 43. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளை 39-இல் குஜராத்தியரோடும் பஞ்சாபியரோடும். ஈழத்துப் பிள்ளை பெரும்பாலும் 43-இல் நேபாளியரோடும் பிலிப்பினோக்களோடும். லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருவரும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து படித்திருந்தாலும், அட்டவணையில் இருவரும் வேறு வேறு வரிசைதான்.