பழைய லேப்டாப்ல உபுண்டு, ஆர்கா: மூணு மாசம் ஓட்டிப் பார்த்துட்டேன்

எனக்குப் பார்வை கிடையாது, திருமங்கலத்துல இருக்கேன், குரூப் 4-க்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். இத்தனை வருசமா விண்டோஸ் 10-ல, திரையில இருக்கிறதைப் பேசிக் காட்டுற என்விடிஏ சாஃப்ட்வேர் தான். 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, என் லேப்டாப்ல 11 ஏறாது, மதுரைக்குப் போயி ஒரு கடையில கேட்டா புதுசு வாங்குங்கன்னுட்டாங்க. காசுக்கு எங்க போறது, விண்டோஸுக்குப் பதிலா ஓட்டக்கூடிய, காசில்லாத லினக்ஸ் ஆன உபுண்டு 24.04-ஐ விண்டோஸ் பக்கத்துலயே போட்டுட்டேன்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வர்ற பூட் மெனு பேசாது, அந்த இடத்துக்கு மட்டும் தம்பி மகனை உட்கார வச்சேன். டெஸ்க்டாப் வந்ததும் ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் மூணையும் சேர்த்து அமுக்குனா என்விடிஏ மாதிரி இங்க பேசுற ஆர்கா பேசிருச்சு, மிச்சம் பூரா நானே போட்டேன். அன்னைக்கு அவ்வளவு சந்தோசம் எனக்கு.

ஃபயர்பாக்ஸ்ல எச் அமுக்குனா தலைப்பு, கே அமுக்குனா லிங்க், எல்லாம் என்விடிஏ மாதிரியே தான். ஃபார்ம் நிரப்பும்போது தான் கை தடுமாறும், என்விடிஏ-ல இன்சர்ட் ஸ்பேஸ் அமுக்கி, வாசிக்கிறதுல இருந்து டைப் பண்றதுக்கு மோடு மாத்துவோம்ல, இங்க அதை அமுக்குனா ஆர்கா செட்டிங்ஸ் வந்து நிக்கும், மோடு மாத்த இன்சர்ட் ஏ. இன்சர்ட்டுக்குப் பதிலா கேப்ஸ்லாக்கை ஆர்கா கீயா வச்சுக்கணும்னா லாகின்லயே எக்ஸ்ஆர்க் செஷனை எடுத்துருங்க, தானா வர்ற வேலண்ட் செஷன்ல அது சரியா வராது, உபுண்டுவோட டெஸ்க்டாப்பான க்னோம்ல 48-வது பதிப்புல தான் சரி பண்ணாங்க, 24.04-ல இருக்கிறது 46.

தமிழ்க் குரல் தான் பெரிய குறை. விண்டோஸ்ல வள்ளுவர்ங்கிற தமிழ்க் குரல்ல கேட்டுப் பழகிட்டு இங்க ஆர்கா பேசுற ஈஸ்பீக் குரல்ல கேட்டா தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு, வார்த்தை புரியுது, ஆனா ஒரு மணி நேரம் வரலாறு கேட்டா தலை வலிக்குது.

அப்புறம் ஏன் விடாம ஓட்டுறேன்னா, படத்துல இருக்கிற எழுத்தைப் படிச்சு எடுக்குற டெஸராக்ட்டுக்காகத்தான். எனக்கு வர்ற நோட்ஸ்ல பாதி ஸ்கேன் பண்ணின தமிழ். என்விடிஏ-ல இன்சர்ட் ஆர் அமுக்குனா அதே வேலை செய்யுற விண்டோஸ் ஓசிஆர் தான் படிக்கும், அதுல தமிழே கிடையாது. இங்க டெர்மினல்ல ஒரே கமாண்ட், தமிழோட டெஸராக்ட் இறங்கிருது, பக்கத்தைப் படமா மாத்திக் குடுத்தா எழுத்தா எடுத்துத் தருது. றகரம் ரகரம் அங்கங்க குழம்பும், ஆனா யாரையாச்சும் வாசிச்சுக் காட்டச் சொல்லிக் காத்துக் கெடக்க வேண்டியதில்ல. எடுத்த ஃபைலை விண்டோஸுக்குக் கொண்டுபோயி, சப்போர்ட் இல்லாததால நெட்டைக் கட் பண்ணிட்டு வள்ளுவர்ல கேக்குறேன்.

திருமங்கலம், திருப்பரங்குன்றம் பக்கம் யாருக்காச்சும் போடணும்னா சொல்லுங்க. பென்டிரைவ் ரெடியா இருக்கு, பூட் மெனுக்குத் தம்பி மகனையும் கூட்டிட்டு வரேன்.