ஆலிஸ் ரூஸ்வெல்டின் கலியாணப் படம்: மட்டக்களப்பு ஸ்டூடியோவில் பெரிய பிரிண்ட், பிரேம் – என் மதிப்பீடு

முதலில் மார்க்ஸைச் சொல்லிவிடுகிறேன். பிரிண்டுக்கு 5க்கு 4½. பிரேமுக்கு 3. கேட்காமலே செய்து வைத்த 'டச்சப்' வேலைக்கு முட்டை.

நான் புளியந்தீவில் கலியாணக் கவுன் தைக்கிறவள். கடைச் சுவரில் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று கனநாள் ஆசை. இப்போதைய மொடல் படங்களை மாட்ட விருப்பமில்லை, அதில் உடுப்பை விட இடுப்புத்தான் தெரியும். தேடியதில் அகப்பட்டது 1906 பெப்ரவரி 17ஆம் திகதி எடுத்த இந்தப் படம். அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டின் மூத்த மகள் ஆலிஸுக்கு வெள்ளை மாளிகையிலேயே கலியாணம். நடுவில் ஆலிஸ், ஒரு பக்கம் மாப்பிள்ளை நிக்கலஸ் லோங்வேர்த், மறுபக்கம் மீசையோடு அப்பா. எடுத்தவர் எட்வர்ட் கேர்ட்டிஸ், அமெரிக்கப் பழங்குடி மக்களைப் படம் பிடித்துப் பெயர் எடுத்தவர்.

இரண்டு ஆம்பிளைகளையும் கவனிக்க வேண்டாம். கவுனின் ட்ரெயினை, அதாவது பின்னால் நிலத்தில் நீளும் துணியைப் பாருங்கள். பின்னால் இழுபட வேண்டியதை முன்னுக்குச் சுற்றிக் கொண்டுவந்து, படத்தின் அடிப்பாகம் முழுக்கப் பரப்பி விட்டிருக்கிறார்கள். நம்முடைய ஊர்க் கலியாணங்களில் போட்டோகாரத் தம்பிமார் இன்றைக்கும் அதையேதான் செய்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் துணி எங்கே பாரமாக விழுகிறது, மடிப்பு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் இந்தப் படத்தைத் தெரிந்தெடுத்ததே அதற்காகத்தான்.

படத்துக்குக் காசு இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். சின்ன ஜேபெக் இருக்கும், அதைத் தொடாதீர்கள். டிஃப் என்று இருக்கிற பெரிய கோப்பை எடுங்கள். 16க்கு 20 அங்குலப் பிரிண்ட் கூர்மையாக வர, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 4800க்கு 6000 புள்ளி வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருவோம். திருமலை வீதிப் பக்கம், பெயர் போடவில்லை. வேலை தெரிந்த பொடியன்தான். "அக்கா, முகத்தைக் கொஞ்சம் கிளீன் பண்ணி, கலரும் போட்டுத் தாறன்" என்றான். வேண்டாம் என்றேன். அப்படியிருந்தும் முதல் பிரிண்ட் வந்தபோது ரூஸ்வெல்டின் மீசை மெழுகு பூசினது போல மினுங்கியது. ஆலிஸின் முகம் நேற்று ஃபேஷியல் செய்த மாதிரி. அதைக்கூடப் பொறுத்திருப்பேன், கவுனில் இருந்த மடிப்பு, சுருக்கம் எல்லாவற்றையும் மென்பொருள் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. போதாததற்கு உடுப்புக்கு இளநீலம்! ஆலிஸ் விரும்பி உடுத்திய இளநீலத்துக்கு 'ஆலிஸ் புளூ' என்று அவள் பெயரையே வைத்தார்கள், அது உண்மை. ஆனால் கலியாணத்துக்கு உடுத்தது வெள்ளை.

குரல் உயர்த்தாமல் சொன்னேன். திருப்பிப் போட்டுத் தந்தான், மேலதிகமாகக் காசு கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் திரும்பவும் அங்கே போவேன். இரண்டாவது பிரிண்ட் அருமை. மேட் கடதாசியில் போட்டதால் கடை லைட் பட்டுக் கண் கூசவில்லை. நிழல் பக்கம் கறுத்து அடைக்காமல் சாம்பல் நிறம் படிப்படியாக இறங்குகிறது. அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், 16க்கு 20க்குப் பொருத்துவதற்காக அடியில் கொஞ்சம் வெட்டிவிட்டான், ட்ரெயினின் ஓரம் போய்விட்டது. வெட்டாமல் சுற்றிவர வெள்ளை விளிம்பு விடச் சொல்லி முதலே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிரேமில் மரச்சட்டம் நல்லது, மூலைகள் இறுக்கம். குறை கண்ணாடியில். படத்தின் மேலேயே கண்ணாடி ஒட்டிக்கொண்டு இருந்தது. வாவிக்கரை ஊரில், மார்கழி மழை ஈரத்தில், படம் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துவிடும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். நடுவில் தடித்த மவுண்ட் மட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். கேட்டால் செய்கிறார்கள், தாமாகச் செய்வதில்லை. பின்பக்கமும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள், கடதாசி தின்னும் வெள்ளிப் பூச்சி உள்ளே போகாமல் இருக்கும்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் "யார் இந்தப் பொம்பிளை?" என்று கேட்காமல் போவதில்லை. பிறந்து இரண்டு நாளில் தாயை இழந்த பிள்ளை என்றால் அம்மாமார் உச்சுக் கொட்டுவார்கள். தகப்பன் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கக்கூடாது என்றதும் கூரையில் ஏறிப் பிடித்தவளாம், பச்சைப் பாம்பு ஒன்றையும் கொண்டு திரிந்தவளாம் என்றால் மகள்மார் சிரிப்பார்கள். கலியாணக் கேக்கை வாளால் வெட்டினாள், தோழிப் பெண் ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை என்று நான் சொல்வது தோழிமாருக்கு ஆறு கவுன் தைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் மட்டும். என் வியாபாரத்துக்கு அது நட்டம்தான், ஆனால் ஒரே வாரத்தில் ஆறு கவுன் தைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: கலியாண மாதங்களில் அந்த ஸ்டூடியோவுக்குப் போகாதீர்கள். அல்பம் வேலைகளுக்கு நடுவில் உங்கள் படத்தையும் ஒரே அமுக்கில் 'கிளீன்' பண்ணித் தந்துவிடுவார்கள். காலையில் போங்கள், பிரிண்டை உறைக்குள் போட முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.