கேப்பர் மலை மாரத்தானுக்கு 3,400 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் ஓடுகிற எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். போன ஞாயிறு நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மலைப்பாதை மாரத்தான், 42 கிலோமீட்டர், கேப்பர் மலையில் 7 கிலோமீட்டர் வட்டம் ஆறு சுற்று என்று விளம்பரம். நடத்தியது ஆன்லைனில் ஆள் சேர்க்கும் ஓர் ஓட்டக் குழு. கட்டணம் 3,400 ரூபாய். கத்திரி வெயில் நேரமாச்சே என்று பணம் கட்டும் முன் குழு நடத்துபவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அண்ணே, இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணி டேபிள், உப்புக் கரைசல், ஐஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கு. வந்து ஓடுங்க, போதும். உங்களை நான் பாத்துக்கிறேன்." அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் போனை வைத்த கையோடு பணம் அனுப்பினேன்.

5 மணிக்குத் தொடக்கம் என்றார்கள். கொடியசைத்தபோது 6.40. நம்ம கடலோரத்தில் காலையில்தான் காற்றில் ஈரம் அதிகம்; வியர்வை கொட்டும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? செம்மண் சரளை மேட்டில் ஏறி இறங்கியதில் இரண்டாம் சுற்றுக்குள் பனியனைப் பிழியலாம் போல ஆகிவிட்டது. தண்ணி டேபிள் மொத்தமே ஒன்று, 20 லிட்டர் கேன் மூன்று. மூன்றாம் சுற்று முடித்து வந்தபோது மூன்றும் காலி. உப்பு ஒரு சிட்டிகை இல்லை. ஐஸ் பெட்டிக்குள் வாழைப்பழத் தோல் கிடந்தது.

நான்காம் சுற்றில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அப்புறம் அந்த வெயிலிலும் கையில் மயிர் சிலிர்த்துக் குளிரெடுத்தது. அது மோசமான அறிகுறி, அங்கேயே நின்றுவிட்டேன். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் நிழலில் படுக்கவைத்து, தலையில் கட்டியிருந்த துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் போட்டு, தூக்குவாளி நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிக்க வைத்தார். "யாருய்யா உங்களை இந்த வெயில்ல ஓடச் சொன்னது?" என்றார். ஆம்புலன்ஸ் வரவேயில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பாட்டில் சலைன் ஏறியது.

திங்கள் போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேண்ணே." செவ்வாய், "தண்ணி ஸ்பான்சர் காலை வாரிட்டான்." புதன், "வெயிலுக்கு நாங்க என்னண்ணே பண்றது? படிவத்துல கையெழுத்து போட்டிருக்கீங்களே." நேற்று வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 3,400 ரூபாயும் வரவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

கோடை ஓட்டம் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. போனில் சொல்வதை நம்பாதீர்கள், தண்ணி எங்கெங்கே என்று எழுத்தில் வாங்குங்கள். முதுகில் சொந்தத் தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும் இல்லாமல் ஏறாதீர்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். யாராவது தடுமாறினால், உளறினால் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். அன்று ஓடியவர்கள் இதைப் பார்த்தால், பிப் நம்பரோடு (பனியனில் குத்திக்கொண்ட ஓட்ட எண்) எனக்கு மெசேஜ் போடுங்கள். 3,400 ரூபாயை விடப்போவதில்லை.