போர்ட் எலனா, ப்ரோராவா?

இரண்டும் 1983-இல் மூடப்பட்ட ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைகள். ப்ரோரா 2021-லும் போர்ட் எலன் 2024-லும் மறுபடி திறந்துவிட்டன. ஆனாலும் சேகரிப்பாளர்கள் தேடுவது 1983 வரை வடித்த பழைய சரக்கைத்தான்.

ஐலே தீவின் போர்ட் எலனில் கடல் உப்பும் பீட் (மால்ட்டை உலர்த்த எரிக்கும் மக்கிய சதுப்பு மண்) புகையும் தூக்கல். ஆலையின் பீப்பாய்களை வாங்கித் தங்கள் பெயரில் வெளியிடும் சிக்னடரி போன்ற தனிப் பாட்டிலிங் நிறுவனங்களும் நிறைய வெளியிட்டதால் ஏலத்தில் அடிக்கடி கண்ணில் படும். முதல் பாட்டில் என்றால் இதுவே சுலபம். ஆனால், பல முறை பயன்படுத்திய பீப்பாய்களில் கிடந்த சில பாட்டில்கள் வயதுக்கேற்ற கனமில்லாமல் இருக்கும். பீப்பாய் விவரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ப்ரோராவில் வடித்த ஆண்டுதான் எல்லாம். 1969 முதல் 1973 வரை பீட் அதிகம். 1972-இல் வடித்ததற்கு விலை எகிறும். பிறகு வடித்ததில் பெரும்பாலும் புகை குறைந்து மெழுகுத்தன்மை முன்னே வரும். என் ஓட்டு ப்ரோராவுக்கே.

எதை வாங்கினாலும் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் 40 சதவீதத்துக்கு மேலான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். திரவம் பாட்டிலின் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் கார்க் கசிகிறது, அல்லது யாரோ திறந்திருக்கிறார்கள்.