வேலூரில் ஏர் பெட்டும் கரண்ட் கட்டும்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். காட்பாடிக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் அம்மா படுத்த படுக்கையாக இருக்கும் வீட்டில் ஏர் பெட், அதாவது படுக்கைப் புண் வராமலிருக்கப் பம்ப்பால் காற்று ஏற்றும் மெத்தை, அதன் பம்ப் நின்றுபோகிறது, காற்று இறங்குகிறது, வால் எலும்பு கட்டிலில் அழுந்துகிறது. படுக்கைப் புண் வருவதற்கு அந்த ஒரு பகல் போதும். பெட் கொண்டுவந்த கடைக்காரர் "பிளக்கை மாட்டினா போதும் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இங்கிலாந்தில் இதே மெத்தையை அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இரவலாகத் தரும், டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இங்கே காசு கொடுத்து வாங்கியும் சொல்லித்தர ஆள் இல்லையே என்று ஆத்திரம்தான் வந்தது.

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் ஃபேன், லைட்டோடு நின்றுவிடும். கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக் பாயிண்ட்டை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். பம்ப் இழுப்பது சின்ன எல்.இ.டி. பல்பு அளவு கரண்ட்தான். இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால் பம்ப்பிலிருந்து மெத்தைக்குப் போகும் இரண்டு குழாயையும் மடக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள், கொஞ்ச நேரம் காற்று நிற்கும். சாதா மெத்தைக்கு மேல்தான் ஏர் பெட் வரவேண்டும். அதன்மேல் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். ரப்பர் ஷீட், ஜமுக்காளம் என்று அடுக்கினால் வாங்கிய பணம் வீண்.

வெளிநாட்டில் இருக்கிற நாமெல்லாம் "சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கே" என்போம். இருக்கிறது, முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறையே உண்டு. ஆனால் படுத்திருப்பவருக்குத் தினமும் தேவைப்படுவது வீட்டுக்கு வரும் கைகள். முன்பெல்லாம் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுப் போவார், அந்தக் காலம் போயே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

போகவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்றால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் திட்டம் என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். வலி, வேதனையைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவதும் அதில் அடக்கம், கட்டணம் கிடையாது. வசதியான வீடுகளில் இதைக் கேட்பதே இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள். ஒரே நர்ஸுக்கு நிறைய ஊர்கள் இருக்கும், தினசரி வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அப்படி எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸம்மா முதலில் அம்மாவைத் தொடவில்லை. இடுப்புக்கு நேரே ஏர் பெட்டின் அடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை விட்டார். எலும்பு கையில் தட்டினால் காற்று பற்றாது, எடைக்குத் தக்கபடி பம்ப்பில் இருக்கும் குமிழைத் திருகிக் காற்றைக் கூட்ட வேண்டும். ஒரு அங்குலமாவது காற்று இருக்கணும். பிறகு வால் எலும்பின் மேல் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை, வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய், பவுடர் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஏர் பெட் இருந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியே ஆகணும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று.

ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்குப் போனால், வருபவர் படித்த நர்ஸா, உதவியாளரா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் உதவியாளர்தான். மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுத்துப் பழக்கமுண்டா, லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், பாதியில் வேலையை விட்டு நின்றுவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதை அட்வான்ஸ் கொடுக்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் கொடுக்கும் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டித்தான் ஊற்றணும், கட்டி அடைத்தால் குழாயையே மாற்ற வேண்டிவரும். தலைமாட்டைத் தூக்கி வைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் இறக்க வேண்டும்.

முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. ஓய்வூதியதாரரின் ஆயுள் சான்றுக்கு 70 ரூபாயில் தபால்காரரே வீட்டுக்கு வருகிறார், கருவூலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பிளைட் ஏறுமுன், வீட்டோடு இருக்கப்போகும் உதவியாளரை ஏர் பெட்டின் அடியில் கை விட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.