‘லாங்ஃபின் பிரிஸ்டில்நோஸ்’ என்று சொல்லி 380 வெள்ளி கறந்துவிட்டார்! சக்கர் மீன் வாங்குவோர் உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும் போ’ என்று விட்டுவிடுவேன், எனக்கு மீன் விற்ற அந்த ஆளும் அடுத்த வீட்டுக்குப் பை கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

டிஸ்கஸ் என்கிற தட்டையான வட்ட மீன் நான்கு 240 வெள்ளி. ‘லாங்ஃபின் பிரிஸ்டில்நோஸ்’, அதாவது மூக்கில் மீசை முளைக்கிற சக்கரில் நீளத் துடுப்பு ரகம் என்ற பெயரில் மூன்று சக்கர் 120. பாசி தின்னும் என்று தலையில் கட்டிய இரண்டு மஞ்சள் மீன் 16. ‘நல்ல பாக்டீரியா’ பாட்டில் ஒன்று 24. கூட்டினால் 400, ‘உங்களுக்காக’ இருபது குறைத்து 380. இன்றைக்குத் தொட்டியில் ஒரு டிஸ்கஸ்கூட இல்லை. ஆள் பெயரோ தளத்தின் பெயரோ போடப் போவதில்லை, வம்பு வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் ஆன்லைனில் விளம்பரம் போட்டு வீட்டிலேயே மீன் விற்கிறவர், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பிளெக்கோதான் (சக்கரின் இன்னொரு பெயர்) முக்கியம். மாமனாருக்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கிற மீனை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் கேட்கும்போதே தெளிவாகக் கேட்டேன்: தொட்டி மூன்றடி, பிளெக்கோதான் நாயகன், அதோடு ஒத்துப்போகிற மற்ற மீன் எது? தொட்டி, ஃபில்டர், உள்ளே போட்டிருக்கும் மரக்கட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். “கவலைய விடுங்கக்கா, நானே ஒரு செட் போட்டுத் தர்றேன்” என்று உடனே பதில்.

அவருடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா டீ போட்டுக் கொடுத்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் விசாரித்தார். ஹாலில் பெரிய தொட்டி. மேலே டிஸ்கஸ் நீந்துகிறது, கீழே மரக்கட்டையில் மூக்கு நிறைய மீசை வைத்த பிளெக்கோக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. “பாருங்கக்கா, எல்லாம் ஒரே தொட்டி. இதுக்கு மேல என்ன கியாரண்டி வேணும்?” கண்ணெதிரே இருக்கும்போது யார்தான் சந்தேகப்படுவார்? பையில் போட்டுக் கொடுத்த மூன்றுக்கும் மீசை இல்லையே என்று கேட்கத்தான் செய்தேன். “குட்டிக்கா, ஆறு மாசத்துல வந்துடும். துடுப்பைப் பாருங்க எவ்ளோ உயரம், அதான் லாங்ஃபின்.” பிரிஸ்டில்நோஸ் குட்டிக்கு மீசை இருக்காது என்பது உண்மைதான், பெண் மீனுக்கும் பெரிதாக வராது. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் ஆள் வியாபாரம் செய்கிறார். “தளத்துல கட்டினா கமிஷன் புடிப்பான், பேநவ் பண்ணிடுங்கக்கா” என்றார், அதாவது வங்கியிலிருந்து நேராக அவருக்கே அனுப்பச் சொன்னார். 380 வெள்ளி போய்விட்டது.

முதலில் கவனித்தவர் மாமனார். “அந்த மஞ்ச மீனு வட்ட மீனுக்கு முத்தம் குடுக்குதும்மா” என்று சிரித்தார். முத்தமா அது? ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் மீன் டிஸ்கஸின் விலாவில் வாயைப் பதித்துக்கொண்டு கூடவே போகிறது. டிஸ்கஸ் உதறுகிறது, அது விடுவதாயில்லை. மறுபக்கம் ‘லாங்ஃபின்’ ஒன்று இன்னொரு டிஸ்கஸ்மேல் ஏறி ஒட்டியிருக்கிறது. காலையில் பார்த்தால் டிஸ்கஸ் உடம்பில் ஐந்து காசு அகலத்துக்கு வெளிறிய வட்டங்கள், வழவழப்பெல்லாம் சுரண்டி எடுத்த மாதிரி. அதன்பின் ஒவ்வொன்றாக மூலையில் ஒதுங்கி, தீனியை விட்டு, செத்தது.

உடனே வீடியோ அனுப்பினேன். “தண்ணி சரியில்லக்கா.” சோதித்தேன், மீனுக்கு நஞ்சான அம்மோனியா சுழியம், நைட்ரைட் சுழியம், படமும் அனுப்பினேன். “புது மீன், ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும். உப்புப் போடுங்க.” அடுத்து, “குழாய்த் தண்ணிய ஒரு நாள் திறந்து வச்சுட்டு ஊத்தினீங்களா?” இதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின் என்கிற கிருமிநாசினி, பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் அது போகாது, மருந்து ஊற்றித்தான் போக்க வேண்டும். நான் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். மீன் விற்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா? கடைசியில், “உயிருள்ளதுக்கு ரீஃபண்ட் கிடையாது, விளம்பரத்துலயே போட்டிருக்கேன்.” அதற்குப் பிறகு இரண்டு நீல டிக், பதில் இல்லை. ‘அக்கா’வும் போய்விட்டது. தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று ஒரு வரி. கமிஷன் மிச்சம் யாருக்கு என்று இப்போது புரிகிறதா?

எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் சீன அங்கிள்தான் விஷயத்தை உடைத்தார். படத்தைப் பெரிதாக்கி, முதுகுத் துடுப்பில் குச்சி மாதிரி நிற்கும் கதிர்களை எண்ணச் சொன்னார். பிரிஸ்டில்நோஸுக்கு ஏழெட்டுதான் இருக்குமாம். நான் எண்ணியது 12. அது சாதாரண சக்கர், சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிற குட்டி. பாய்மரம் மாதிரி நிற்கும் அதன் பிறவித் துடுப்பைத்தான் ‘லாங்ஃபின்’ என்று காட்டி ஒன்று 40 வெள்ளிக்கு விற்றிருக்கிறார். பிரிஸ்டில்நோஸ் ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும், இது ஓரடியைத் தாண்டும். மூன்றடித் தொட்டியில் அந்த மாதிரி மூன்று! மஞ்சள் மீன் ‘சைனீஸ் ஆல்கே ஈட்டர்’, அதாவது சீனப் பாசி தின்னி, பிளெக்கோ இனமே இல்லையாம். பிளெக்கோ தென் அமெரிக்கா, இது தாய்லாந்து, மெக்கோங் பக்கத்து மீன். பெயரில் பாசி இருந்தாலும் வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, தட்டையாக மெதுவாக நீந்துகிற மீனின் தோல் வழவழப்பைத்தான் தேடிப் போகும். டிஸ்கஸுக்கு இதைவிட மோசமான ஜோடி கிடையாது என்றார் அங்கிள். தன் வீட்டில் டிஸ்கஸோடு மீசைக்காரனை மட்டும் வைத்திருக்கிற அந்த விற்பனையாளருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். காட்சித் தொட்டியைப் பார்க்காதீர்கள், பையில் இருக்கிறதைப் பாருங்கள், துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள். பிளெக்கோ அடியில் வாழ்கிற மீன். கூட்டாளியாக நடுவிலும் மேலேயும் நீந்துகிற டெட்ரா, ரஸ்போரா மாதிரி சின்னதாக, சுறுசுறுப்பாக இருப்பதைக் கேளுங்கள். ஆண் பிரிஸ்டில்நோஸ் இரண்டை ஒரே குகைக்குப் போட்டி போட விடாதீர்கள். ‘பாசி தின்னும்’ என்று யாராவது கொசுறு மாதிரி நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். 5,000 வெள்ளிக்குள் என்றால் கட்டணம் 10 வெள்ளிதான். 380 வெள்ளிக்காக இவ்வளவு அலைச்சலா என்று கணவர் கேட்கிறார். ஆமாம், 380 வெள்ளிக்காகத்தான்.

மஞ்சள் மீன் இரண்டையும் அங்கிள் எடுத்துக்கொண்டார். சக்கர் மூன்றும் இன்னும் எங்களிடம்தான், நன்றாகத் தின்று வளர்கின்றன. கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சட்டப்படி குற்றம், ஏற்கெனவே இங்குள்ள நீர்நிலைகளில் இந்த இனம் போதுமான அளவு பெருகிக் கிடக்கிறது. ஆறடித் தொட்டி வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இலவசமாகவே கொடுக்கிறேன். உட்லண்ட்ஸ் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.