கஸ்டம் ஐஎஸ்ஓவா, ஆன்சர் ஃபைலா? விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ரெடி பண்ண எது தோது

போன மாசம் ஒரு லேப்ல 25 மெஷினுக்கு விண்டோஸ் 11 போட வேண்டியிருந்துச்சு. ஒவ்வொண்ணு முன்னாடியும் உக்காந்து மொழி, கீபோர்டு, அக்கவுண்ட், பிரைவசி கேள்வின்னு நெக்ஸ்ட் நெக்ஸ்ட் அடிச்சுட்டு இருந்தா ரெண்டு நாள் போயிரும், அதனால கஸ்டம் பண்ணின பூட்டபிள் (மெஷினை அதுல இருந்தே ஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் போடற மீடியா) ஒண்ணு கட்டாயம் வேணும். டிவிடி பேச்சே வேண்டாம், சாதா டிவிடில 4.7 ஜிபிதான் புடிக்கும், இப்ப வர்ற ஐஎஸ்ஓ, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலுக்கு வேண்டியதெல்லாம் அடங்கின ஒரே ஃபைல், 5 ஜிபியைத் தாண்டிருச்சு. பென்டிரைவ்தான்.

வழி ரெண்டு. ஒண்ணு, என்டிலைட்ங்கற சாஃப்ட்வேர் வச்சோ, விண்டோஸோட டிஸ்ம் கமாண்ட் வச்சோ ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, டிரைவர் அப்டேட்டெல்லாம் உள்ள ஏத்தி, வேண்டாததைத் தூக்கிட்டு திரும்ப ஐஎஸ்ஓவா கட்டறது. இன்னொண்ணு, ஒரிஜினல் ஐஎஸ்ஓவைத் தொடாம ரூஃபஸ்ங்கற டூல்ல பென்டிரைவுக்கு எழுதிட்டு, அதோட ரூட்ல (எந்த ஃபோல்டருக்குள்ளயும் இல்லாம நேரா) ஆட்டோஅன்அட்டெண்ட் எக்ஸ்எம்எல்னு ஒரே ஒரு ஆன்சர் ஃபைல் போடறது. செட்டப் அதைத் தானா தேடிப் படிச்சு எல்லா கேள்விக்கும் பதில் எடுத்துக்கும். ரெண்டையும் செஞ்சு பாத்துட்டேன், நான் ரெண்டாவது பக்கம்.

முதல் வழிக்கு ஒரு காலம் இருந்துச்சு, அதை மறுக்கல. எக்ஸ்பி நாள்ல சாட்டா ஹார்ட் டிஸ்க் தெரியலேன்னா எஃப்6 அமுக்கி ஃப்ளாப்பில இருந்து டிரைவர் குடுக்கணும், ஃப்ளாப்பி டிரைவே இல்லாத மெஷின்ல என்ன பண்றது, என்லைட்ங்கற டூல்ல டிரைவரை சிடிக்குள்ளயே சேத்து எரிச்சாதான் வேலை ஆகும். அதே கதை இப்ப இன்டெல் 11வது ஜெனரேஷன்ல இருந்து திரும்ப வந்திருக்கு. பயாஸ்ல விஎம்டிங்கற இன்டெல் ஸ்டோரேஜ் செட்டிங் ஆன்ல இருந்தா செட்டப்ல டிஸ்க் லிஸ்ட் காலியா நிக்கும், புது எஸ்எஸ்டியே செத்துப்போச்சுன்னு நினைச்சு கழட்டிப் பாத்தவங்க இருக்காங்க. ஆனா இதுக்காக ஐஎஸ்ஓவை உடைக்க வேண்டியதில்ல. பென்டிரைவ் ரூட்ல வின்பிஇடிரைவர்னு, முன்னாடி பின்னாடி டாலர் குறி போட்டு ஒரு ஃபோல்டர் வச்சு, இன்டெல் டிரைவரைப் பிரிச்சு அந்த ஐஎன்எஃப் (டிரைவர் விவரம் இருக்கற) ஃபைலோட உள்ள போட்டுட்டா செட்டப் தானா எடுத்துக்கும்.

என்னை மாத்தினது பராமரிப்புதான். கஸ்டம் ஐஎஸ்ஓ கட்டின அன்னைக்கு புதுசு, மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வரும், வருஷத்துக்கு ஒரு தடவை 24எச்2, 25எச்2ன்னு புது வெர்ஷன் வரும், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். டிஸ்ம்ல பண்றவங்களுக்குத் தெரியும், பூட் விம்ங்கற இமேஜ் ஃபைல்ல ரெண்டு இண்டெக்ஸ் (தனித்தனி இமேஜ்), செட்டப் ஓடறது ரெண்டாவதுல, அதுல தனியா டிரைவர் ஏத்தணும், அப்புறம் இன்ஸ்டால் விம்ல ஹோம், ப்ரோன்னு ஒவ்வொரு எடிஷனையும் மவுண்ட் பண்ணி (ஒரு ஃபோல்டரா திறந்து) ஏத்தி கமிட் பண்ணி (சேவ் பண்ணி) இறக்கணும். மீடியா கிரியேஷன் டூல்ல எடுத்திருந்தா இன்ஸ்டால் விம்முக்குப் பதிலா உள்ள இருக்கறது இன்னும் சுருக்கின இஎஸ்டி ஃபைல், அதை முதல்ல விம்மா மாத்தணும். நடுவுல ஒரு மவுண்ட் சிக்கிக்கிட்டா கிளீனப் போட்டு மறுபடி மொதல்ல இருந்து. எக்ஸ்எம்எல் வழில எனக்கு வேலை என்னன்னா, புது ஐஎஸ்ஓ இறக்கி எழுதறேன், பழைய ஃபைலையும் டிரைவர் ஃபோல்டரையும் காப்பி பேஸ்ட் பண்றேன். அவ்வளவுதான். டைம் ஸோன் மாத்தணும்னா நோட்பேட்ல திறந்து ஒரு வரி.

ஐஎஸ்ஓல இருந்து வேண்டாததைத் தூக்கறதுலயும் ஆபத்து இருக்கு. முன்னாடி ஒரு ஆஃபீசுக்கு லைட்டா இருக்கட்டும்னு பிரிண்டிங் சம்பந்தமானதை நான் எடுத்துட்டேன், அப்ப அங்க பிரிண்டர் கிடையாது. ஆறு மாசம் கழிச்சு பிரிண்டர் வாங்கினாங்க. 8 மெஷினையும் திரும்ப போட்டுக் குடுத்தேன்.

நெட்டே இல்லாத இடம், பழைய 64 ஜிபி ஸ்டோரேஜ் மெஷின், இதுக்கெல்லாம் இன்னும் கஸ்டம் ஐஎஸ்ஓ நல்லதுதான். நூத்துக்கணக்குல மெஷின்னா நெட்வொர்க் பூட் வழி இருக்கு, அதை நான் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கேன், அதனால அதை இதோட ஒப்பிடல.

எக்ஸ்எம்எல் பக்கம் வர்றவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கங்க. அந்த ஃபைல்ல போடற பாஸ்வேர்டை பென்டிரைவ் கைல கிடைச்ச யாரும் படிச்சிரலாம், அதனால தற்காலிகமா ஒண்ணு வச்சு அப்புறம் மாத்திருங்க. அடுத்து, டிஸ்க் 0வை அழின்னு அதுல எழுதிட்டா செட்டப் ஒரு வார்த்தை கேக்காம அழிச்சிரும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேந்து இருக்கற மெஷின்ல 0 எதுன்னு மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால பார்ட்டிஷன் ஸ்கிரீனை மட்டும் நான் ஆட்டோ பண்றதில்ல, அங்க நிக்கட்டும், அளவைப் பாத்து கையாலதான் தேர்ந்தெடுக்கறேன்.